பதினேழு பேர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மாரி காலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றை ஆறென்று அழைப்பது ஊராரின் பெருந்தன்மை. வானம் பொழியும் நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கி நிலத்தடியில் தங்க, அதனைத் துலாவிட்டு இறைத்தே புகையிலையும் வெங்காயமும் விளைவித்தனர் முன்னோர். ஆறின்மை இந்நாட்டின் குறையென்றே பேசப்பட்டு வந்திருக்கின்றது. நோய்களின் வரலாற்றை ஆராய்பவரோ இதனை வேறு விதமாகக் காண்பர். இலங்கையில் மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவதில் முதலிடம் பெற்ற நுளம்பு அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் இனத்தது. அது வற்றும் ஆற்றின் மணற்படுகையில் தேங்கும் தெளிந்த நீர்க்குட்டைகளையே பெரிதும் நாடி முட்டையிடும். அத்தகைய குட்டைகள் குடாநாட்டில் அரியன. ஆகவே ஆனையிறவுக்கு வடக்கே வாழ்ந்தோரை அக்காய்ச்சல் தெற்கே வன்னியில் வாட்டிய அளவிற்கு வாட்டவில்லை.

வன்னியின் நிலை வேறு. அங்கே குளமும் இருந்தது, வயலுக்கேற்ற மண்ணும் இருந்தது. நிலைத்து வாழ மனிதர் தயங்கினர். வயிறு பெருத்து, மண்ணீரல் வீங்கி, கொயினாவின் கசப்பை நாளாந்த உணவாகக் கொண்ட சிற்றூர்களுக்குக் குடாநாட்டிலிருந்து பெயர்ந்து செல்ல யார்தான் முன்வருவர்? இரணைமடுவில் நீரைத் தேக்கிய பின்னரும் கிளிநொச்சிக் குடியேற்றம் ஆமை நடை நடந்தமைக்கு இக்காய்ச்சல் ஒரு முக்கிய காரணம். யானைக்கு அஞ்சினோர் சிலர். நுளம்புக்கு அஞ்சினோர் பலர்.

நோயை நன்கறிந்த வன்னியில் அது மெல்ல மெல்ல மனிதரை அரித்தது. நோயை அறியாத ஈரவலயத்திலே அது ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. என்றும் வற்றாத களனி கங்கையும், மகாஓயாவும், தெதுறு ஓயாவும் குட்டைகளாகச் சுருங்கின. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய கொள்ளைநோயில் பதினைந்து இலட்சம் பேரளவில் படுக்கையில் வீழ்ந்தனர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ எண்பதினாயிரம் பேர் மாண்டனர். அந்நாளில் இலங்கையின் குடித்தொகை அறுபது இலட்சத்தையும் எட்டவில்லை என்பதை நினைவிற் கொண்டு இக்கணக்கை நோக்குதல் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது டி.டி.ரி. என்னும் மருந்து வந்தது. வீட்டுச் சுவரில் அதனைத் தெளித்தால், இரவில் இரத்தம் குடித்துச் சுவரில் இளைப்பாறும் நுளம்பு அங்கேயே மடியும். ஆறு முழுவதையும் அள்ளி இறைக்க வேண்டியதில்லை. அறையின் சுவர் போதும். 1946இல் நாடெங்கும் தெளிப்பு வேலை தொடங்கிற்று. அவ்வாண்டு இருபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட காய்ச்சல்கள் பதிவாகியிருந்தன. ஆயிரவருக்கு இருபதாக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டிலேயே பதினான்காகக் குறைந்தது.

இவ்விரண்டு எண்களும் கடல் கடந்தன. ஒரு மருந்து, ஓராண்டு, இத்தனை உயிர் என்று உலகம் இலங்கையைச் சுட்டிக் காட்டிற்று. செய்தி எழுதுவோருக்கு இதனினும் இனிய கதை கிடைத்தல் அரிது. ஆயினும் கணக்கை ஊன்றிப் பார்த்தோர் ஓர் ஐயத்தை எழுப்பினர். மலேரியா அவ்வளவாக இல்லாத மாவட்டங்களிலும் அதே காலத்தில் இறப்புக் குறைந்ததே, அது எங்ஙனம்? வைத்தியசாலைகள் பெருகியமை, மருத்துவிச்சிகள் பெருகியமை, போர்க்காலப் பஞ்சம் நீங்கி அரிசி கிடைத்தமை ஆகியனவும் உயிர் காத்திருக்க வேண்டுமல்லவா? இலங்கைக் குடித்தொகை ஆராய்ச்சியாளரான எஸ். ஏ. மீகம 1967இல் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மருந்தின் பங்கு பெரிது, ஆயின் முழுமையும் மருந்தின் பங்கன்று என்பதே நடுநிலையான முடிவு. எளிய கதை உலகைச் சுற்றி வந்த வேகத்தில் இம்முடிவு செல்லவில்லை.

1955இல் உலக சுகாதார மன்றம் மலேரியாவை அடியோடு ஒழிப்பதெனத் தீர்மானித்தது. 1958இல் இலங்கையும் அத்திட்டத்தில் இணைந்தது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் காணப்பட்ட நோயாளர் பதினேழு பேர். இருபத்தேழு இலட்சம் எங்கே, பதினேழு எங்கே! அப்பதினேழு பேரிலும் ஒரு பகுதியினர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டு வந்தவர்கள். மறு ஆண்டில் மருந்து தெளிப்பது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது.

நிறுத்தியது தவறா? அந்நாளின் அறிவிற்கு அது முறையான செயலே. நோய் அருகியபின் தெளிப்பை விட்டு, காய்ச்சற்காரரைத் தேடி இரத்தம் எடுத்துச் சோதிக்கும் காவலுக்கு மாறவேண்டும் என்பது உலகத் திட்டத்தின் விதி. குற்றம் தெளிப்பை விட்டதிலன்று, காவலைத் தளரவிட்டதில். ஊரூராகச் செல்ல வாகனமும் ஆளும் போதவில்லை. எடுத்த இரத்தம் உரிய காலத்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கப்படவில்லை. பதினேழு பேர் உள்ள ஒரு நோய்க்குப் பணம் கேட்டு வாதாடுவது எத்துணைக் கடினம் என்பதை அரசாங்க அலுவலகத்தில் ஒரு நாளேனும் காத்திருந்தவர் அறிவர்.

பின்னர் வந்த எண்களை வரிசையாகப் படித்தாலே போதும். 1964இல் 150. 1965இல் 308. 1966இல் 499. 1967இல் 3,466. 1968இல் 440,644. முதல் மூன்று எண்களும் யாரையும் அச்சுறுத்துவன அல்ல. ஆனால் நெருப்பு அவற்றிலேயே கனன்று கொண்டிருந்தது. மழை குன்றி மீண்டும் ஆறுகள் குட்டைகளாயின. எலஹெரப் பகுதியில் இரத்தினக் கல் தேடித் திரண்டோர் தோண்டிய குழிகளில் நீர் தேங்கிற்று. வேலை தேடி வந்தோர் நோயை வாங்கித் தத்தம் ஊருக்குக் கொண்டு போயினர். 1969இல் ஐந்து இலட்சத்து முப்பத்தேழாயிரம் பேர் நோயுற்றனர். அவ்வாண்டிலேயே உலக ஒழிப்புத் திட்டமும் தன் இலக்கை மறுபரிசீலனை செய்தது.

இதன் மேல் ஒரு பொய்க்கதையும் முளைத்தது. அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் பூச்சிமருந்துகளின் தீமையைப் பற்றி 1962இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலுக்கு அஞ்சியே இலங்கை டி.டி.ரி.யைக் கைவிட்டது, அதனாலேயே இலங்கையர் நோயில் வீழ்ந்தனர் என்று பிற்காலத்திலே பல நாட்டுப் பத்திரிகைகளில் எழுதப்பட்டது. இன்றும் எழுதுவோர் உளர். ஆண்டுகளை ஒப்பிட்டால் கதை நில்லாது. இலங்கை தெளிப்பை நிறுத்தியது 1964இல், நோய் ஒழிந்தது என்ற நம்பிக்கையினால். அமெரிக்கா அம்மருந்தைப் பயிர்களுக்குத் தடை செய்தது 1972இல். இடையில், 1968இல், இலங்கை மீண்டும் அதே மருந்தையே தெளித்தது. நுளம்பு அதற்கு அசையாத நிலை வளர்ந்தபின், 1977இல், மலத்தியோனுக்கு மாறியது. வேறொரு நாட்டின் வழக்கிலே இலங்கையின் நோயாளர் பொய்ச்சாட்சியாக நிறுத்தப்பட்டனர்.

வட கிழக்கு மாகாணங்களின் பெருந்துன்பம் அதன் பின்னரே வந்தது. 1983இற்குப் பின் போரும் இடப்பெயர்வும் மக்களைக் காட்டோரங்களுக்குத் தள்ளின. 1990களில் நாட்டின் மலேரியாவில் பெரும் பங்கு இவ்விரு மாகாணங்களுக்கே உரியதாயிற்று. 1999இல் நாடு முழுவதிலும் 264,549 பேர் நோயுற்றனர். இக்காலத்தில் தெளிப்புக் குழுவினரும் நடமாடும் பரிசோதனைக் குழுவினரும் ஆற்றிய பணி தனியே எழுதப்பட வேண்டியது. சோதனைச் சாவடிகளைக் கடந்து, இரு தரப்பின் ஆட்சிப் பகுதிகளிலும், மருந்திட்ட நுளம்பு வலையும் இரத்தப் பரிசோதனையும் மக்களைச் சென்றடைந்தன. துப்பாக்கி ஏந்தியோரையும் காய்ச்சல் விட்டுவைக்காமையால் இப்பணிக்கு இரு தரப்பினரும் இடங்கொடுத்தனர். போர் முடியுமுன்னரே நோய் வேகமாகக் குறைந்தமை வெளியுலகிற் பலர் அறியாத செய்தி. 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி காணப்பட்டார். 2016 செப்டம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது.

இம்முறை எண் பூச்சியம். ஆயினும் சான்றிதழின் மை காயுமுன்னே, அதே 2016இன் இறுதியில், மன்னாரில் புதிய நுளம்பொன்று பிடிபட்டது. அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்பது அதன் பெயர். தமிழகத்திலும் பிற இந்திய மாநிலங்களிலும் நகரத்து மலேரியாவை நெடுங்காலம் பரப்பி வந்தது இதுவே. ஆபிரிக்காவில் ஜிபூட்டி நாட்டில் 2012இல் காணப்பட்டு அங்கும் நோயைப் பெருக்கியது. சில ஆண்டுகளுள் யாழ்ப்பாண நகரிலும் அது காணப்பட்டது. ஆற்றுக் குட்டை இதற்கு வேண்டா. வீட்டுக் கிணறும், சீமெந்துத் தொட்டியும், மாடியில் ஏற்றிய நீர்த்தாங்கியும் போதும். ஆறில்லாமையால் காய்ச்சலுக்கு ஓரளவு தப்பிய குடாநாடு, தன் கிணறுகளாலேயே அதற்கு வழிதிறக்கக்கூடும் என்ற நிலை வந்துள்ளது.

நுளம்பு மட்டும் நோயைத் தராது. அது கடிக்க ஒரு நோயாளி வேண்டும். வெளிநாடுகளில் நோயுற்றுத் திரும்புவோர் ஆண்டுதோறும் சில பதின்மர் இலங்கையில் கண்டறியப்படுகின்றனர். பலாலியிலிருந்து சென்னைக்கு 2019இல் விமானமும் பறக்கத் தொடங்கிற்று. உறவு காணவும், மணம் பேசவும், கோயில் தரிசிக்கவும் போய் வருவோர் காய்ச்சலோடு திரும்பினால், தாம் சென்று வந்த நாட்டை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். வைத்தியரும் கேட்க வேண்டும். மலேரியாவைக் கண்ணால் கண்டிராத இளம் வைத்தியர்கள் காய்ச்சல் என்றதும் முதலில் டெங்கை நினைப்பது இயல்பே.

கிணறுகளின் காவல் இப்பொழுது மலேரியாத் தடை இயக்கத்தின் பணியாளரிடம் உள்ளது. போரில் உரியவர் பெயர்ந்து போனதால் இறைப்பாரின்றிக் கிடக்கும் கிணறுகளையும் அவர்கள் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. குடிக்கும் நீரில், சாக்கடையிற் செய்வது போல, எண்ணெய் ஊற்றுதல் இயலாது. ஆகவே நுளம்புப் புழுக்களை உண்ணும் சிறு மீன்களைக் கிணற்றில் விடுகின்றனர்.