'இனம்' என்றால் என்ன? மூக்கு அளந்த கருவி முதல் டிஎன்ஏ வரை... பல்கலைக்கழகம் படிக்கும் நம்ம ஊர் வரலாறு

திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் பிளஸ் 2 முடித்து கல்லூரியில் சேரப் போகும் பிள்ளைகள் பலரின் சான்றிதழில் 'சீர்மரபினர்' என்று இருக்கும். அது என்ன சீர்மரபு? வீட்டில் கேட்டால் சில பெரியவங்க சொல்வாங்க, சிலர் பேச்சை மாத்திடுவாங்க. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இனம், இனக்குழு பற்றிய வரலாறு பெரிய பாடம். அதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. திருமங்கலமே போதும்.

முதலில் அந்தச் சொல்

தமிழினம் என்கிறோம், இனசனம் என்கிறோம், மாட்டிலும் இனம் பார்க்கிறோம். திருக்குறளில் 'சிற்றினம் சேராமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே இனம் என்றால் ஒருவர் சேர்ந்து பழகும் கூட்டம், பிறப்பு இல்லை. பி.ஏ. தமிழ் படித்தவர்களுக்கு இது பரீட்சைக் கேள்வி. உடலை வைத்து மனிதர்களைப் பிரிக்கும் ஐரோப்பிய 'ரேஸ்' என்ற கருத்து 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்து, இதே சொல்லில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கால்டுவெல் 1856-ல் எழுதியது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். மொழிக் குடும்பத்தையும் ரத்த உறவையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

மூக்கை அளந்தவர்கள்

மூக்கின் அகலத்தை அதன் உயரத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்தே சாதிகளை வரிசைப்படுத்தலாம் என்று நம்பினார், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி. சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு இருந்தார். அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909-ல் 7 தொகுதிகளாக வந்தது. உடலை அளப்பது எப்படி என்று போலீஸ் அதிகாரிகளுக்கும் அவர் வகுப்பு எடுத்தார். அருங்காட்சியகத்துக்கும் ஸ்டேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ரேகைச் சட்டம்

1871-ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. ஒருவர் திருடினாரா இல்லையா என்பது இதில் கேள்வியே இல்லை. எந்தச் சாதியில் பிறந்தார் என்பதே போதும். மதுரை பக்கம் 1914-ல் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறகு பிறமலைக் கள்ளர் மொத்தப் பேர் மீதும் இது பாய்ந்தது. ஆண்கள் கைரேகை வைக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனிலோ சாவடியிலோ படுக்க வேண்டும். வெளியூர் போனால் 'ராத்திரிச்சீட்டு' வேண்டும்.

அன்றைய திருமங்கலம் தாலுகாவில் இருந்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்ததாக ஊர் நினைவு வைத்திருக்கிறது. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போன இடத்தில் அவர் கொல்லப்பட்டார் என்பார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் ரத்தானது, நாடு முழுவதும் 1952-ல். 'சீர்மரபினர்' என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

பெயர்ச் சிக்கல் அதோடு தீரவில்லை. 1979-ல் மாநில அரசு 'பழங்குடியினர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'வகுப்பினர்' என்று மாற்றியது. மத்திய அரசின் பட்டியலிலோ 'பழங்குடியினர்'தான். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2019-ல் மாநிலத்துக்கு ஒன்று, மத்திய அரசுக்கு ஒன்று என்று இரட்டைச் சான்றிதழ் வந்தது. 2024-ல் ஒரே சான்றிதழ் தரப்படும் என்று முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். ஒரு சொல் மாறினால் யாருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதும் இந்தப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

டிஎன்ஏ என்ன சொல்கிறது?

மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு, உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கத்தில் எடுத்த ரத்த மாதிரியில் எம்130 என்ற மரபணு அடையாளம் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் இருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது. உடனே 'முதல் இந்தியர்' என்று தலைப்புகள் பறந்தன. அது எங்கள் தொழில் செய்த தப்பு. அப்பாவிடம் இருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு கோடு அது. உடம்பின் மற்ற மரபணுக்கள் எத்தனையோ மூதாதையரிடம் இருந்து வந்தவை. ஒரு சாதியின் வயதையோ உயர்வு தாழ்வையோ அது சொல்லாது.

எங்கே, எப்படிப் படிக்கலாம்?

பெரும்பாலும் வரலாறு, மானிடவியல், சமூகவியல் துறைகளுக்குள்தான் இதைப் படிக்க வேண்டியிருக்கும். சென்னைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இரண்டிலும் மானிடவியல் துறை உண்டு. ஆய்வுக்குப் போனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தைத் தவிர்க்க முடியாது. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் அதிகாரிகள் எழுதியது. சுட்டவங்க எழுதிய அறிக்கையை மட்டும் படித்துவிட்டு ஆய்வேடு எழுத முடியாது. ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன் 1949-50-ல் இங்கே தங்கிப் பார்த்து எழுதினார். ஆனந்த் பாண்டியன் கம்பம் பள்ளத்தாக்கில் செய்த ஆய்வு 2009-ல் நூலானது. தமிழில் இரா. சுந்தரவந்தியத்தேவனின் 'பிறமலைக் கள்ளர் வாழ்வும் வரலாறும்' இருக்கிறது. நாவலாக வேண்டும் என்றால் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'.

ஏப்ரல் 3 அன்று போனால் இன்னும் நல்லது. ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்கு பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.