திருமழபாடியும் ‘பாடி’ என்னும் சொல்லும்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், பாடல் பெற்ற பதியாகத் திகழ்வது திருமழபாடி. பங்குனித் திங்களில் நந்தியெம்பெருமானின் திருமணம் நிகழும் ஊர் என்று பலரும் இதனை அறிவர். இவ்வூர்ப் பெயர்க்கு இரு விளக்கங்கள் வழங்கி வருகின்றன. மார்க்கண்டேயர் காண இறைவன் மழுவேந்தி ஆடினமையின் ‘மழுவாடி’ ஆயிற்று என்பது தலபுராண வழக்கு. மழவர் படை தங்கிய பாசறையாதலின் மழபாடி என்பது மற்றொன்று. முன்னதைப் புராணம் என விலக்கும் ஆராய்ச்சியாளர், பின்னதை வரலாறு என ஆராயாதே ஏற்றுக்கொள்கின்றனர். அவ்வாறு ஏற்றல் தகுமா என்பதே ஈண்டு யாம் எழுப்பும் வினா.

மழு பற்றிய விளக்கம் நெடிது நில்லாது. தேவார மூவரும் மழபாடி என்றே பாடினர். கல்வெட்டு வடிவமும் அதுவே. முதலாம் இராசராசன் ஆணையால் இக்கோயிலின் விமானம் புதுப்பிக்கப்பெற்றபோது, பழைய சுவரிலிருந்த கல்வெட்டுக்களை ஏட்டில் படியெடுத்துப் பின்னர்ப் புதுச் சுவரில் வெட்டுவித்தனர். தொல்லெழுத்தைக் காத்தலில் நம் முன்னோர்க்கு இருந்த கருத்து இத்தகையது! ‘மழவாடி’ எனும் வடிவம் பகரம் வகரமாய்த் திரிந்த பிற்கால ஒலிப்பேயாகும். அத்திரிபினின்றும் மழுவாடிக் கதை பிறத்தல் எளிது.

இனி, ‘மழ’ என்பது இளமை குறிக்கும் உரிச்சொல் எனத் தொல்காப்பியர் கூறுவர். அவ்வாறாயின் மழபாடி, இளம்பாடி, அஃதாவது புதிதாய் எழுந்த குடியிருப்பு எனப் பொருள்படுமோ? மழகளிறு என்பதிற்போல ஈண்டும் வல்லெழுத்து மிகாமையின் புணர்ச்சி இதற்குத் தடையன்று. எனினும், மேற்கே அணித்தாய் அமைந்த நாடு மழநாடு எனப்பட்டது; திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் பிணி தீர்த்த பெண்ணின் தந்தை கொல்லிமழவன்; கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவியார் மழவரையர் மகளார். இவ்வளவு சான்று சூழ நிற்க, மழவரை விடுத்து வேறு பொருள் தேடுதல் வேண்டா.

எஞ்சி நிற்பது ‘பாடி’. இச்சொல் முல்லைநிலத்து ஊரைக் குறிக்கும். ஆயர்பாடியை அறியாதார் இலர். படை தங்கும் இடத்தையும் குறிக்கும். முல்லைப்பாட்டில், காடு வெட்டி முள்வேலியிட்டுக் கடல்போற் பரந்து கிடக்கும் அரசனது பாசறை பாடி எனப்படுகிறது. ஆநிரைக்கும் முள்வேலி, படைக்கும் முள்வேலி! படுத்தல் குறித்த ‘படு’ என்னும் அடி ‘பாடு’ என நீண்டு ‘பாடி’ ஆயிற்று எனக் கொள்வேமாயின், நிரை படுத்தலும் படை படுத்தலும் ஒருசொற்கண் அடங்குதல் வியப்பன்று. கன்னடத்தும் பாடி என்பது சிற்றூர். மலையாளத்தில் அது மலைவாழ்நரின் குடியிருப்பு, அட்டப்பாடி காண்க. வயநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளும் ‘பாடி’ என்றே பெயர் பெறுகின்றன.

இதனோடு ஒப்பிடத்தக்க சொல் துருக்கிய மொழிகளில் உண்டு. ‘ஓர்து’ என்பது அது. பதினோராம் நூற்றாண்டில் துருக்கியச் சொற்களுக்கு அகராதி வகுத்த காசுகரி மகமூது, அரசன் உறையும் ஊர் என்று இதற்குப் பொருள் தந்தார். இன்றைய துருக்கியில் அதுவே படையைக் குறிக்கிறது. கசாக்கு மொழியில் ‘ஓர்தா’ தலைவன் இருக்கையாகவே நின்று, கிசிலோர்தா என்னும் நகரப் பெயரிலும் வாழ்கிறது. உருசிய மொழி அதனை ‘ஓர்தா’ எனக் கடன்கொண்டு, முதற்கண் தன்னைத் திறைகொண்ட மங்கோலிய அரசுக்குப் பெயராக்கிற்று. பின்னர் ஒழுங்கற்ற பெருங்கூட்டத்தையும் அச்சொல்லாற் சுட்டிற்று. போலந்து மொழியில் அது ‘ஓர்’ என்பது ‘ஹோர்’ எனத் திரிந்து ‘ஹோர்தா’ ஆகி, மேலை ஐரோப்பாவிற் புகுந்தது. முகலாயர் பாசறையின் பெயரால் அமைந்த ‘உருது’ மொழிப்பெயரும் இதன் கிளையே.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. தம் சொல்லாக வழங்கியோர்க்கு ஓர்து உறைவிடமும் அரசிருக்கையுமாம். திறை கொடுத்தோர்க்கோ அது அச்சந்தரும் திரள். பொருள் மாறியது சொல்லின் இயல்பால் அன்று; சொல்வோர் நின்ற இடத்தால்.

மழபாடிக்கும் இது பொருந்தும். அகநானூறு மழவரைக் குதிரையோடும் ஆநிரை கவர்தலோடும் காட்டுகிறது. அச்செய்யுட்கள், மழவரால் இடர்ப்பட்ட வழிச்செல்வோரை நோக்கி நின்று பாடப்பெற்றவை. அவற்றைக் கண்ட கண்கொண்டே ஊர்ப்பெயரையும் கண்டு, பாடி என்றவுடன் பாசறை என்று துணிகிறோம். மழவரும் மாடு கட்டினர், மனை வகுத்தனர், மக்களைப் பெற்றனர் என்பதை மறந்துவிடுகிறோம். ‘மழபாடி’ என்னும் பெயர், மழவர் தங்கிய இடம் என்பதற்கு மேல் யாதும் உரையாது. ஈண்டுப் படை இறங்கியது என்போர், அதற்குச் சான்றினைப் பெயரிலன்றிப் பிறிதோரிடத்துக் காட்டுதல் வேண்டும்.