பனி படர்ந்த ஓடுபாதையில் தரையிறங்குதல்

பனியோ மழைநீரோ படிந்த ஓடுபாதையில் விமானத்தைப் பத்திரமாக இறக்கி நிறுத்தும் நடைமுறை. தமிழ்நாட்டின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பனி பொழிவதில்லை. பயணிகள் விமான நிலையமும் இல்லை. இப்பகுதியினர் விமானம் ஏறும் திருச்சிராப்பள்ளியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் ஓடுபாதையை நனைக்கிறது. ஆனால் ஸ்ரீநகரின் பனிக்கும் திருச்சியின் மழைக்கும் அளவுகோல் ஒன்றே.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் அந்த அளவுகோல் 2021 நவம்பர் 4 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓடுபாதையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் 6 முதல் 0 வரை ஒரு குறியெண் தருகிறார்கள். உலர்ந்த தளம் 6, ஈரம் 5, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் படிந்த பனி 3, பனிக்கட்டி 1, ஈரமான பனிக்கட்டி 0. இடையிலுள்ள 2 தமிழ்நாட்டுக்கு முக்கியமானது: மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேங்கிய தண்ணீருக்கு அதுவே எண். அந்த அளவுகோலில், தேங்கிய மழைநீர் பொழிந்த பனியைவிட மோசம். வேகத்தில் சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும்; பிரேக் பிடிக்காது.

இந்தச் சீர்திருத்தத்துக்கு வித்திட்டது 2005 டிசம்பர் 8 அன்று சிகாகோ மிட்வே விமான நிலையத்தில் நேர்ந்த விபத்து. பனிப்பொழிவில் இறங்கிய சவுத்வெஸ்ட் நிறுவன விமானம் வேலியை உடைத்துச் சாலையில் பாய்ந்தது. காரில் இருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். கணக்கிட்ட தரையிறங்கு தூரத்துக்கு மேல் குறைந்தது 15 விழுக்காடு இடம் மிச்சம் வேண்டும் என்ற அறிவுறுத்தல் அதன்பின் வலுப்பெற்றது.

கேரளத்தின் கோழிக்கோட்டில் நேர்ந்த விபத்தில் பனி இல்லை, மழைதான். 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் பின்காற்றோடு இறங்கியது. வெகுதூரம் தள்ளித் தரைதொட்டு, ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் உயிரிழந்தனர். தரையிறக்கத்தைக் கைவிட்டு மீண்டும் மேலெழும் முடிவை விமானி உரிய நேரத்தில் எடுப்பதே இத்தகைய விபத்துக்கு எதிரான முதல் அரண்.