பாரதி பாடல்களின் பதிப்புரிமை

சுப்பிரமணிய பாரதி 1921 செப்டம்பரில் மறைந்தபோது மனைவி செல்லம்மாளுக்கு எஞ்சியவை கையெழுத்துப் படிகளும் வறுமையும். அவர் சில நூல்களைத் தாமே வெளியிட்டுப் பார்த்தார். பின்னர் அச்சுரிமை, பாரதியின் தம்பி சி. விசுவநாத ஐயர் பொறுப்பிலிருந்த பாரதி பிரசுராலயத்தின் கைக்குப் போனது. ஒலிப்பதிவு உரிமை தனியே பிரிந்து, சென்னை நகை வணிகர் ஜெசிங்லால் மேத்தாவிடம் சேர்ந்தது. அவரிடமிருந்து ஏவிஎம் பட நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதை விலைக்கு வாங்கினார்.

1928இல் பர்மா அரசைத் தொடர்ந்து சென்னை அரசும் பாரதியின் நூல்களைப் பறிமுதல் செய்தது. அன்று எதிரி யாரென்று எல்லோருக்கும் தெரிந்தது. சட்டமன்றத்தில் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எழுந்து கண்டித்தார். விடுதலைக்குப் பின் பதிப்புரிமையால் வந்த தடையோ பேச்சுரிமைப் பிரச்சினையாகவே பலருக்குத் தோன்றவில்லை. பாடினால் சிறை இல்லை, உரிமையாளரின் அனுமதி வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பாட முடியாதவனுக்கு இரண்டும் ஒன்றே.

ஏவிஎம்மின் 'நாம் இருவர்' (1947) பாரதி பாடல்களைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசென்றது. மறுஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது ஏவிஎம் ஆட்சேபித்தது. சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பணியவில்லை. செட்டியார் பணம் கொடுத்து வாங்கியவர்; அவர் கேட்டது சட்டம் தந்த உரிமையைத்தான். 1914ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். அதாவது, 1971 வரை பாரதியைப் பாட யாரிடமாவது கேட்டாக வேண்டும். குறை அந்தச் சட்டத்தில் இருந்தது.

எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்துப் போராடினர். நாரண துரைக்கண்ணன் முதலியோர் செல்லம்மாளைக் கண்டு சம்மதம் பெற்றனர். செட்டியாரும் பணம் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்தார். இதைத் தமிழ்நாடு நன்றியோடு நினைக்க வேண்டும். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை அரசு பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமையாக்கி, செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய் வழங்கியது.

வங்கத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். தாகூரின் எழுத்துகள் மீது அவர் நிறுவிய விஸ்வபாரதிக்கு இருந்த உரிமை 1991 இறுதியில் முடியவிருந்தது. மத்திய அரசு நாடு முழுவதற்கும் பதிப்புரிமைக் காலத்தை 60 ஆண்டுகளாக நீட்டியது. ஒரு நிறுவனத்தைக் காக்க எல்லா வாசகர்களையும் பத்தாண்டுகள் காக்கவைத்தது நியாயமன்று.

தமிழ்நாட்டிலோ நாட்டுடைமை வழக்கமாகிவிட்டது. அரசு பரிவுத்தொகை கொடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைப் பொதுவாக்கியிருக்கிறது. வேண்டாமென்று மறுத்த குடும்பங்களும் உண்டு; அவர்களை அரசு வற்புறுத்தவில்லை.