டெத் விஷ்: கைதட்டியவர்களும் கடிந்துகொண்டவர்களும்

நம் வயதுக்காரர்களுக்குச் சார்லஸ் பிரான்சனை நினைவிருக்கும். இடுங்கிய கண், சுருக்கம் விழுந்த முகம், தொங்கு மீசை. அதிகம் பேசமாட்டார். பென்சில்வேனியாவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் பிறந்து, தானும் சிறு வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். அமெரிக்காவில் அவர் பெரிய கதாநாயகனாக ஆனது ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான். அதற்கு முன்பே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1968இல் அலென் தெலோனோடு நடித்த ‘அதியூ லாமி’, 1970இல் ரெனே கிளெமான் இயக்கிய ‘ல பசாழே த லா புளுயி’ இரண்டும் அங்கே நன்றாக ஓடியவை. அவரை உள்ளூர்க்காரராகவே பார்த்தார்கள்.

அந்த பிரான்சனை அமெரிக்காவில் உச்சத்துக்குக் கொண்டுபோன படம் ‘டெத் விஷ்’. 1974 ஜூலையில் வெளியானது. இயக்கியவர் மைக்கேல் வின்னர் என்ற ஆங்கிலேயர். ஐம்பது ஆண்டு கடந்தும் அந்தப் படத்தைப் பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. அந்த வாக்குவாதத்தின் வரலாற்றைத்தான் இன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். காரணம், அதில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. சொல்கிறேன்.

முதலில் கதை. பால் கெர்ஸி நியூயார்க்கில் கட்டட வரைவாளர். கொரியப் போரில் ஆயுதம் தொடமாட்டேன் என்று மறுத்து மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர். மளிகை வாங்கித் திரும்பிய மனைவியையும் மகளையும் மூன்று பேர் வீடு தேடி வந்து தாக்குகிறார்கள். மனைவி இறந்துபோகிறாள், மகள் சித்தம் கலங்கிப் போகிறாள். போலீசார் ஆறுதல் சொல்கிறார்களே தவிர நம்பிக்கை தரவில்லை. வேலை விஷயமாக அரிசோனாவுக்குப் போன இடத்தில் ஒருவர் அவருக்குக் கைத்துப்பாக்கி ஒன்றைப் பரிசளிக்கிறார். ஊர் திரும்பியதும் இரவுகளில் பூங்காவிலும் சுரங்க ரயிலிலும் தனியாக நடக்கத் தொடங்குகிறார். வழிமறிப்பவர்களைச் சுடுகிறார். முதல் முறை சுட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வாந்தி எடுப்பவர், பிறகு பழகிவிடுகிறார். நகரத்தில் வழிப்பறி குறைகிறது. ஆளைக் கண்டுபிடித்த போலீஸ், கைது செய்தால் மக்கள் அவரைத் தியாகியாக்கிவிடுவார்கள் என்று பயந்து, ஊரை விட்டுப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறது. அவ்வளவுதான்.

அந்தக் கால நியூயார்க்கையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 1,500க்கும் மேற்பட்ட கொலைகள். மாநகராட்சி கடனில் மூழ்கி, 1975இல் திவாலாகும் நிலைக்கே போனது. இருட்டிய பிறகு சுரங்க ரயிலில் ஏறப் பயந்த ஜனங்கள்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். பிரான்சன் ஒவ்வொருவனையும் சுடச் சுட அரங்கில் கைதட்டலும் ஆரவாரமும் எழுந்தன.

விமர்சகர்களை உலுக்கியது அந்தக் கைதட்டல். இரத்தம் அவர்களுக்குப் புதிதில்லை; அதைவிடக் கோரமான படங்களை அவர்கள் அதற்குள் பார்த்துவிட்டார்கள். ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் வின்சென்ட் கேன்பி ஒரு முறை எழுதி ஆத்திரம் தீராமல், பத்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை இதழில் இன்னொரு முறை எழுதினார். நகரத்து ஜனங்களின் உண்மையான பயத்தை எடுத்துப் பொறுப்பில்லாமல் காசாக்குகிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. திரைத்துறைப் பத்திரிகையான ‘வெரைட்டி’யும் சட்டத்தைக் கையில் எடுக்கத் தூண்டும் விஷம் என்ற தொனியில்தான் எழுதியது. சிகாகோவின் ரோஜர் ஈபர்ட் மட்டும் கொஞ்சம் மாறுபட்டார். நான்குக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். படம் எடுத்த விதம் நன்றாக இருக்கிறது, அது சொல்லும் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை என்பது அவர் நிலை. இதில் காட்டும் நியூயார்க் உண்மையான நியூயார்க் இல்லை, எதிர்காலத்தைப் பற்றிய கற்பனைக் கதைகளில் வரும் ஊர்போல இருக்கிறது என்றும் அவர் குறிப்பிட்டார். அது கூர்மையான கவனிப்பு. பிரான்சன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு திருடன் கத்தியோடு காத்திருக்கிறான் அல்லவா?

ஓய்வு பெற்ற பிறகு இவற்றையெல்லாம் நிதானமாகத் தேடிப் படித்தேன். படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றியது. இந்த நாயகன் ஒரு தடவைகூடத் தவறான ஆளைச் சுடவில்லை! முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் அதை என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் பிரிவில் ஒரே பெயரில் இரண்டு ஓய்வூதியக்காரர்கள் இருந்தார்கள். தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும் ஒன்றே. ஒருவருக்குப் போக வேண்டிய ஆணை மற்றவருக்குப் போய்விட்டது. பகல் வெளிச்சத்தில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஆணை அது. அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆயிற்று. சரிசெய்ய முடிந்தது என்பதுதான் ஆறுதல்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

1985இல் எஸ்.ஏ. சந்திரசேகர் இயக்கத்தில் ‘நான் சிகப்பு மனிதன்’ வந்தது ஞாபகம் இருக்கும். ரஜினிகாந்த் கல்லூரிப் பேராசிரியர், சத்யராஜ் வில்லன், துப்புத் துலக்க வரும் அதிகாரியாக பாக்யராஜ். அதற்கு முந்தைய ஆண்டு ராஜ் பப்பர் நடித்து வெளிவந்த ‘ஆஜ் கி ஆவாஸ்’ என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. அந்த இந்திப் படத்துக்கு வித்து ‘டெத் விஷ்’. ராபின் ஹூட் என்று பெயர் வைத்து ஊரே ரஜினியைக் கொண்டாடியது. நானும் விசில் அடிக்கவில்லையே தவிர, கைதட்டினேன்.

அந்தச் சமயம் பிரான்சில் குடியேறிய என் பெரியப்பா மகன் விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருந்தான். எங்களுடையது சொல்தா குடும்பம். அந்தப் போக்குவரத்து எப்போதும் உண்டு. அவன் கொண்டுவந்த வீடியோ கேசட்டுகளில் இந்தப் படமும் இருந்தது, பிரெஞ்சில் குரல் கொடுத்தது. ரஜினி படத்தின் ‘ஒரிஜினல்’ என்ற செய்தி தெருவில் பரவ, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள். பிரான்சில் அப்போது செகாம் முறை, நம் ஊரில் பால் முறை. அதனால் எங்கள் டெக்கில் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடியது. இரத்தம் எல்லாம் மைபோலத் தெரிந்தது. மொழிபெயர்ப்பாளன் நான்.

அட்டையில் இருந்த பெயர் ‘டெத் விஷ்’ இல்லை. பிரெஞ்சில் அந்தப் படத்துக்கு ‘அன் ஜுஸ்திசியே தான் லா வில்’ என்று பெயர். என்ன சார் அர்த்தம் என்று கேட்டார்கள். ‘நகரத்தில் ஒரு நீதிமான்’ என்றேன். எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

ஆங்கிலப் பெயருக்கு அர்த்தம் அதுவல்லவே. சாவு வேட்கை, தன் அழிவைத் தானே தேடும் மனக்கோளாறு. மருத்துவர் நோயாளிக்குச் சீட்டு எழுதுவதுபோல வைத்த பெயர். பிரெஞ்சுப் பெயரோ ஆளுக்கு மாலை போட்டுவிடுகிறது. ஜுஸ்திசியே என்பது பழைய காலத்தில் தன் நிலத்தில் வழக்கு விசாரித்துத் தண்டிக்கும் உரிமை பெற்ற பிரபுவைக் குறித்த சொல். முகமூடி போட்ட ஸோரோவைப் பிரெஞ்சுப் பிள்ளைகள் அப்படித்தான் அழைப்பார்கள். நாங்களும் பள்ளிக்கூடத்தில் அழைத்திருக்கிறோம். ஆக, படம் தொடங்குமுன்பே பெயர் தீர்ப்பு எழுதிவிட்டது. அதை நான் இன்னும் ஒரு படி உயர்த்தி நீதிமானாக்கிவிட்டேன்.

வழக்கமான இடங்களில் வழக்கம்போல் கைதட்டல். கைதட்டாதவர் ஒருவர்தான், எங்கள் அலுவலகத்துக் கணக்குப் பிரிவில் இருந்த நண்பர். நான்கு மாதம் முன்பு அவர் வீட்டில் திருட்டுப் போயிருந்தது. தங்கையின் கல்யாணத்துக்குச் சேர்த்த பதினெட்டுப் பவுன். புகார் கொடுத்து நடந்து நடந்து அவர் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். படம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகும் உட்கார்ந்தே இருந்தார்.

“சார், அந்த மூணு பேரு என்ன ஆனானுங்க?” என்றார்.

“எந்த மூணு பேர்?”

“பொண்டாட்டியைக் கொன்னவனுங்க. அவனுங்கள இவரு கடைசி வரைக்கும் பிடிக்கவே இல்லியே. நடுவுல வந்து நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா?”

கேசட்டைப் பின்னால் ஓட்டி, வேகமாக மறுபடி பார்த்தோம். இல்லை. முதல் கால் மணி நேரத்தோடு அந்த மூன்று பேரும் படத்திலிருந்து காணாமல் போகிறார்கள். பிறகு செத்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். எல்லோரும் பழிவாங்கும் படம் என்று சொல்லும் படத்தில் பழிவாங்கலே நடக்கவில்லை. பன்னிரண்டு பேர் கைதட்டிக்கொண்டு இருந்தோம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. பறிகொடுத்தவர் ஒருவருக்குத்தான் உறைத்தது. அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

பின்னாளில் மூல நாவலை எழுதியவரின் கதையைப் படித்தபோது அந்த நண்பர்தான் ஞாபகத்துக்கு வந்தார். பிரையன் கார்ஃபீல்டு 1972இல் எழுதிய நாவலில் நாயகன் கட்டட வரைவாளன் இல்லை, கணக்கர்! கார்ஃபீல்டின் காருடைய துணிக் கூரையை யாரோ கிழித்துப்போட்டிருக்கிறார்கள். செய்தவன் கையில் கிடைத்தால் கொன்றே போடுவேன் என்று ஒரு வேகம் வந்ததாம். பிறகு கோபம் அடங்கியதும், அடங்காமலே போகிற மனிதன் ஒருவன் இருந்தால் என்ன ஆவான் என்று யோசித்து எழுதியது அந்த நாவல். படிக்கப் படிக்க நாயகனைப் பார்த்தே நமக்குப் பயம் வரவேண்டும் என்பது அவர் எண்ணம். திரையில் வந்தது நேர்மாறாக இருந்ததால் மனம் நொந்து, 1975இல் ‘டெத் சென்டென்ஸ்’ என்று இன்னொரு நாவலைப் பிராயச்சித்தம்போல எழுதினார். ஆக, தன் கதையை வைத்து எடுத்த படத்தைத் திட்டியவர்கள் பக்கம் ஆசிரியரே போய் நின்றார். படத்தை முதலில் சிட்னி லூமெட் இயக்கி ஜாக் லெம்மன் நடிப்பதாக இருந்தது. சாதுவான முகம் கொண்ட லெம்மன் துப்பாக்கி தூக்கியிருந்தால் ஒருவேளை நாமும் கொஞ்சம் பயந்திருப்போம்.

பழிவாங்கும் படம் என்றாலே விமர்சகர்கள் முகம் சுளிப்பார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1975இல் பிரான்சில் ரொபேர் ஆன்ரிக்கோ எடுத்த ‘ல வியோ ஃபியுஸி’, அதாவது பழைய துப்பாக்கி, கிட்டத்தட்ட இதே கதைதான். 1944இல் மோந்தோபான் நகரத்து மருத்துவர் ஒருவரின் மனைவியையும் மகளையும் ஜெர்மானிய எஸ்.எஸ். படையினர் கொன்றுவிடுகிறார்கள். அவர் தகப்பனார் காலத்து வேட்டைத் துப்பாக்கியை எடுத்து அவர்களை ஒவ்வொருவராகத் தீர்க்கிறார். ஃபிலிப் நுவாரே அந்த மருத்துவர், ரோமி ஷ்னைடர் மனைவி. குறை சொன்னவர்கள் அதற்கும் உண்டு. ஆனாலும் 1976இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட செசார் விருதுகளில் சிறந்த படம் அதுதான். நுவாரேதான் சிறந்த நடிகர். அங்கே முறையிட நீதிமன்றம் இல்லை, எதிரே நிற்பவர்கள் குற்றம் செய்த அதே ஆட்கள். என் மனத்தில் அது பெரிய வித்தியாசம்.

கேன்பி பயந்தது நடந்தும் போயிற்று. 1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்னார்ட் கெட்ஸ் என்ற வெள்ளையர், தன்னிடம் ஐந்து டாலர் கேட்ட நான்கு கறுப்பின இளைஞர்களைச் சுட்டார். கெட்ஸ் மூன்று வருடம் முன்பு வழிப்பறிக்கு ஆளானவர். அந்த நால்வரும் அன்று அவரிடம் கேட்டது மிரட்டலா, பிச்சையா என்பதில் கடைசிவரை வாதம் நடந்தது. பத்திரிகைகள் உடனே படத்தின் பெயரைச் சொல்லின. பலர் அவரைக் கொண்டாடினார்கள். 1987இல் ஜூரி கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து அவரை விடுவித்து, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டித்தது. நால்வரும் பிழைத்தார்கள், ஒருவர் வாழ்நாள் முழுதும் எழுந்து நடக்க முடியாமல். 1996இல் இன்னொரு ஜூரி அவருக்கு 4.3 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. படத்தில் இந்த இரண்டாவது ஜூரி வருவதே இல்லை.

தொடர்ந்து வந்த பாகங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 1982, 1985, 1987, 1994 என்று வந்துகொண்டே இருந்தன. மூன்றாவதில் இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. கடைசிப் பாகத்தில் பிரான்சனுக்கு வயது எழுபதுக்கு மேல், இப்போது எனக்கு இருப்பதுபோல. எனக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது.

2018 மார்ச்சில் புரூஸ் வில்லிஸை வைத்து ஈலை ராத் மறுபடி எடுத்தார். ஃபுளோரிடாவில் பார்க்லேண்டு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். நேரம் தெரியாத படம் என்று பலர் எழுதினார்கள். நாயகன் இதில் அறுவை மருத்துவர், ஊர் சிகாகோ. நான் அதை மகன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். இந்த முறை நாயகன் உண்மையான குற்றவாளிகளைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்.

கணக்குப் பிரிவு நண்பர் அதற்கு ஏழு வருடம் முன்பே போய்விட்டார். அந்தப் பதினெட்டுப் பவுன் கடைசிவரை கிடைக்கவில்லை. தங்கையின் கல்யாணத்தைக் கடன் வாங்கித்தான் நடத்தினார்.