நோன்புப் பெருநாள்

நோன்புப் பெருநாள் (ஈதுல் ஃபித்ர்) என்பது, இஸ்லாமிய ஆண்டின் ஒன்பதாம் மாதமாகிய ரமலான் முழுவதும் பகலில் உண்ணாமலும் பருகாமலும் நோன்பு நோற்ற முஸ்லிம்கள், அடுத்த மாதமான ஷவ்வாலின் முதல் நாளில் கொண்டாடும் பெருநாளாகும். தமிழ்நாட்டுப் பொதுவழக்கில் இதற்கு ரம்ஜான் பண்டிகை என்று பெயர். ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் (கி.பி. 624) கடமையாக்கப்பட்டது. பெருநாளன்று நோன்பிருப்பதோ விலக்கப்பட்டது.

பிரியாணியையும் புத்தாடையையும் கொண்டே இந்நாளை அறிந்தவர்கள் பலர் எனினும், இதன் உட்பொருள் ஃபித்ரா என்னும் தானத்தில் அடங்கியிருக்கிறது. நோன்பில் நேர்ந்த குறைகளைப் போக்குவதற்கும், அன்று எந்த ஏழையும் பசியோடு இராதிருப்பதற்கும் விதிக்கப்பட்ட இத்தானம், பெருநாள் தொழுகைக்கு முன்பே உரியவரைச் சேர்ந்துவிட வேண்டும். ஷாஃபி சட்டப்பள்ளியின்படி, அன்றைய பகலுக்கும் இரவுக்கும் தன் குடும்பத்துக்கு வேண்டிய உணவுபோக மிச்சம் வைத்திருக்கும் எவரும், தலைக்கு ஒரு ஸாவு, அதாவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ, தானியம் அளிக்கக் கடமைப்பட்டவர். ஆகவே ஃபித்ராவைப் பெறும் ஏழையே அதைக் கொடுப்பவராகவும் ஆகக்கூடும். ஹனஃபி பள்ளியோ குறிப்பிட்ட அளவு செல்வம் உடையவர்மீது மட்டும் இதைச் சுமத்தி, தானியத்துக்கு ஈடாகப் பணம் தரவும் இடமளிக்கிறது.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபி பள்ளியும், உள்நாட்டு ராவுத்தர்களிடையிலும் உருது பேசுவோரிடையிலும் ஹனஃபி பள்ளியும் பெரும்பான்மையாகப் பின்பற்றப்படுவதால், பெருநாள் தொழுகையின் இரண்டு ரக்அத்துகளிலும் (தொழுகைச் சுற்றுகளிலும்) சேர்த்துக் கூறப்படும் கூடுதல் தக்பீர்கள் (இறைவனே பெரியவன் என்னும் முழக்கம்) முன்னவர்களிடம் பன்னிரண்டும் பின்னவர்களிடம் ஆறுமாக அமைகின்றன. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மாறாக, குத்பா என்னும் பேருரை இங்குத் தொழுகைக்குப் பின்னரே நிகழ்த்தப்படும்.

பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்த்துப் பள்ளிவாசல்களில் காய்ச்சப்படும் நோன்புக் கஞ்சி, நோன்பு மாதத்துக்கே உரிய தமிழக உணவாகும். இதற்கென 2001 முதல் மாநில அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி வழங்கத் தொடங்கியது.

சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு என்பதால் பெருநாள் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்கிறது. தமிழ்நாட்டில் 2024இல் ஏப்ரல் 11 அன்றும், 2025இல் மார்ச் 31 அன்றும் வந்தது. ரமலான் 29ஆம் நாள் மாலையில் பிறை தென்பட்டால் மறுநாளும், தென்படாவிட்டால் 30 நோன்பு நிறைந்த பின்னரும் பெருநாள் என்பது விதி; மாநிலத்தில் அதை அரசு தலைமை காஜி அறிவிக்கிறார். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரம் போன்ற தொழிற்பகுதிகளில் இவ்விதி ஷிப்டு முறையோடு இணங்கிப்போக வேண்டியுள்ளது. பண்டிகை விடுமுறைகள் பற்றிய 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், நான்கு தேசிய விடுமுறைகளோடு ஐந்து பண்டிகை விடுமுறைகளையும் தொழிலாளர்க்கு உறுதிசெய்தாலும், அந்த ஐந்து எவை என்பதை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆய்வாளர் இரு தரப்பையும் கலந்தே குறிப்பிடுகிறார் என்பதால், நோன்புப் பெருநாள் அவற்றுள் ஒன்றாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. அவற்றுள் ஒன்றாக இருந்தாலும், பிறை ஒரு நாள் தள்ளினால் பட்டியலில் அச்சிட்ட தேதியைத் திருத்த நிர்வாகத்துக்குக் கிடைப்பது ஓர் இரவு மட்டுமே.