நீர் வடிகட்டும் துணி

குடிநீரில் கலந்துள்ள தூசி, பூச்சி, நுண்ணுயிர் ஆகியவற்றை நீக்க உதவும் நெய்த துணி. பருத்தி, நைலான் இழைகள் இதற்கு மிகுதியாகப் பயன்பட்டுள்ளன.

நீரைத் துணியால் வடிக்கும் வழக்கம் எங்கு, எப்போது தோன்றியது என்பது தெளிவாகவில்லை. துறவி துணியால் வடித்த நீரையே பருக வேண்டும் என்கிறது மனுஸ்மிருதி. பௌத்தத் துறவியின் எட்டு உடைமைகளுள் நீர்வடிகட்டியும் ஒன்று. சமணரிடம் இவ்வழக்கம் இன்றும் உண்டு. பௌத்தரும் சமணரும் முதன்மையாகக் கருதியது, நீரில் வாழும் சிற்றுயிர்களைக் கொல்லாமையே. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் துணிப்பையில் நீரை வடித்தார் என்பர். இது பிற்காலத்தார் ஏற்றிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

நரம்புச் சிலந்திப் புழுவின் இளவுயிரிகளைச் சுமக்கும் துடுப்புக்காலிகள் எனும் சிறு நீர்வாழ் உயிர்களைத் தடுக்க, 1980-களுக்குப் பின் ஆப்பிரிக்காவில் நைலான் துணிகள் பெருமளவில் வழங்கப்பட்டன. இந்தியாவில் நரம்புச் சிலந்தி நோய் கடைசியாக 1996-இல் ராஜஸ்தானில் பதிவானது. உலக அளவில் மனிதரிடம் இது அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 20-க்கும் குறைவாகவே பதிவாகிறது. சாட் நாட்டு நாய்களிடம் இது இன்னும் காணப்படுகிறது.

காலராவைத் துணியால் தடுப்பது பற்றி விரிவான சான்றுகள் கிடைப்பது வங்காளதேசத்தின் மத்லப் பகுதியில் நடந்த ஆய்விலேயே. காலராக் கிருமி துணியின் கண்களில் எளிதாக நுழைந்துவிடும். ஆனால் ஆறு குளங்களில் அது துடுப்புக்காலி போன்ற மிதவையுயிர்களில் ஒட்டி வாழ்கிறது. அவை துணியில் சிக்கினால் ஒட்டியிருக்கும் கிருமியும் சிக்கும். நுண்ணுயிரியலாளர்கள் ரீட்டா கோல்வெல், அன்வர் ஹக் ஆகியோரின் ஆய்வுக் குழு இதற்குத் தேர்ந்தது, அங்குள்ள ஏழை வீட்டிலும் இருக்கும் பழைய பருத்திச் சேலை. புதுச் சேலையைவிடப் பழையதே சிறந்தது: துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்து பிசிர் விட, நெசவின் கண்கள் சிறுத்துவிடுகின்றன. குறைந்தது நான்கு மடிப்பாக்கினால் கண்ணின் அளவு ஏறத்தாழ 20 மைக்ரானாகக் குறைகிறது. வீட்டில் செய்யும் பானங்களை ஒற்றைச் சேலைத்துணியில் வடிப்பது அங்குள்ள பெண்களுக்கு முன்பே பழக்கம். மடித்துக் குடத்தின் வாயில் போர்த்தி முகப்பதை மட்டுமே புதிதாகக் கற்றனர். வடித்த துணியை முதலில் ஆற்று நீரிலேயே அலசி, பிறகு வடித்த நீரில் ஒருமுறை அலசி உலர்த்தினர்.

65 கிராமங்களில், ஏறத்தாழ 1,33,000 பேரிடையே நடந்த இவ்வாய்வின் முடிவு 2003-இல் வெளியானது. சேலையால் வடித்தவர்களிடையே காலரா 48 விழுக்காடு குறைந்திருந்தது. நைலான் துணி பெற்றவர்களிடையே குறைவு 41 விழுக்காடு. பயிற்சி நின்று சில ஆண்டுகளுக்குப் பின் நடந்த மறு ஆய்வில், பெண்களில் 31 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு துணியால் நீரை வடித்துக்கொண்டிருந்தனர் (2010). வடிகட்டாத அண்டை வீடுகளுக்கும் இதனால் பயன் கிட்டியிருக்கலாம் என ஆய்வாளர் கருதினர்.